சூப்பர்வைசர் இல்லாத பரீட்சை ஹால்

அக்கா மகள் தக்கலைக்காரி. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.இ. முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்கா போனாள். போன இரண்டாவது மாதமே முதல் பரீட்சை. அன்று போனில் கூப்பிட்டவள், எப்படி எழுதினாய் என்று நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, சார் பேப்பரத் தந்துட்டு வெளிய போயிட்டாரு. முடிச்சதும் மேசை மேல வச்சிட்டுப் போங்கன்னு சொன்னாரு. ஒண்ணர மணி நேரம் ஹால்ல ஆளே இல்ல."

"பெறவு? எல்லாரும் பேசிப் பேசி எழுதினீங்களா?"

"ஒருத்தனும் தல நிமிரல்ல மாமா. எனக்குத்தான் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. இருமுறதுக்குக்கூட பயமா இருந்துச்சு."

விடைத்தாளின் கடைசியில் ஒரு வரி அச்சடித்திருந்ததாம். இந்தத் தேர்வில் நான் யாரிடமும் உதவி பெறவில்லை, யாருக்கும் உதவவும் இல்லை என்று. கீழே கையெழுத்துப் போட வேண்டும். அது என்ன சமாச்சாரம் என்று கேட்டாள். நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். செமஸ்டர் தவறாமல் ஹால் சூப்பர்வைசராக நின்று கால் வலி கண்டவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது 'ஆனர் கோடு'. பரீட்சையில் காப்பி அடிக்க மாட்டோம், அடுத்தவர் எழுதியதை நம்முடையது என்று காட்ட மாட்டோம் என்று மாணவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அதை நம்பி ஆசிரியர்கள் காவலை விலக்கிக்கொள்கிறார்கள். யாராவது மீறினால் அதை விசாரிப்பதும் மாணவர்களே.

எந்தக் கல்லூரியிலும் ஒரு விதிக் கையேடு இருக்கும். அட்மிஷன் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் திறந்தே பார்க்காத புத்தகம். அதை ஆனர் கோடு என்று சொல்வதில்லை. அந்த விதி நிர்வாகத்தினுடையது. மாணவன் அதற்குக் கட்டுப்பட்டவன், அவ்வளவுதான். மாணவர் நடத்தும் ஆனர் கோட்டில் விதியை எழுதுவதும் திருத்துவதும் அவர்கள் பொறுப்பு. புகாரை விசாரித்து முடிவு சொல்வதும், பல இடங்களில் தண்டனையைத் தீர்மானிப்பதும்கூட அவர்கள்தான். பென்சில்வேனியாவில் ஹேவர்ஃபோர்டு கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, இந்த நெறி எங்களுக்கு வேண்டும் என்று வாக்களித்துப் புதுப்பிக்கிறார்கள். சீனியர்கள் போட்ட கையெழுத்து ஜூனியரைக் கட்டாது என்பது அங்கே கணக்கு. கலிஃபோர்னியாவில் கால்டெக்கின் ஆனர் கோடு மொத்தமே ஒரு வாக்கியம். இந்தச் சமூகத்தில் எவரும் இன்னொருவரைவிட நியாயமில்லாத அனுகூலம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். அதை நம்பி அங்கே கேள்வித்தாளை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். இத்தனை மணி நேரம்தான், புத்தகம் திறக்கக் கூடாது என்று மேலே எழுதியிருக்கும். அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் கடிகாரத்தை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'கௌரவ நெறி' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் கௌரவம் என்ற சொல்லை நாம் கொலைக்கு முன்னால் போட்டுக் கெடுத்துவிட்டோம். 'மானம்' என்றால் அடுத்தவர் பார்வையில் நமக்கு என்ன ஆகும் என்ற கவலை வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த சொல் நாணயம். "நாணயமான ஆளு, கணக்கு பாக்க வேண்டாம்" என்று நம்மூர்க் கடைகளில் சொல்வார்களே, அந்த நாணயம். அதை வைத்திருப்பவனுக்குக் கடன் கிடைக்கும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனர் கோடும் அப்படி ஒரு கடன்தான். ஆனாலும் அங்கே படிக்கப் போகிறவர்கள் காதில் விழப்போவது ஆனர் கோடு என்பதுதான் என்பதால் அதையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கிச் சத்தத்திலிருந்து

இந்த ஏற்பாட்டுக்கு மிகப் பழைய உரிமை கோருவது வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. 1736 என்று சொல்கிறார்கள். நன்றாகப் பதிவான கதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினுடையது.

1830களில் அந்த வளாகம் ஒரு போர்க்களம். பணக்காரத் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகள் ஒரு பக்கம், விடிவதற்கு முன் எழு, சீருடை போடு என்று விதி போடும் ஆசிரியர்கள் மறுபக்கம். மாணவர்கள் முகமூடி அணிந்து வெடிச்சத்தம் எழுப்பிக் கலாட்டா செய்வது வாடிக்கை. 1840 நவம்பர் 12 இரவு சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் அப்படி ஒரு முகமூடிக்காரனைப் பிடிக்கப் போனார். அவன் சுட்டான். இரண்டு நாளில் டேவிஸ் இறந்துபோனார்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர். 1842 ஜூலை 4 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேர்வு எழுதும் ஒவ்வொரு மாணவனும், எந்த வழியிலும் உதவி பெறவில்லை என்று தன் நாணயத்தின் பேரில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சாவு நடந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்து வந்த தீர்மானம் இது. இரண்டுக்கும் நேர்க்கோடு போடுவது பல்கலைக்கழகம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை; கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனாலும் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதுவரை அந்த மாணவர்களிடம் நாணயம் இல்லாமல் இல்லை. முகமூடிக்குள் இருப்பவன் யார் என்று தெரிந்தும் ஆசிரியரிடம் சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுடைய நாணயமாக இருந்தது. இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அன்று அங்கே 'நாணயமுள்ளவன்' என்றால் அடிமைகளை வைத்திருந்த வெள்ளைக்கார வீட்டு ஆண்பிள்ளை. கறுப்பின மாணவர் ஒருவர் அங்கே நுழைய 1950 ஆயிற்று. பெண்கள் முழுமையாகச் சேர 1970.

பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. பிரின்ஸ்டனில் 1893இல் மாணவர்கள் கேட்டு வாங்கினார்கள். நம் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி பள்ளி நிலையிலிருந்து கல்லூரியாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். வெறும் தற்செயல், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. ஸ்டான்ஃபோர்டில் 1921இல் மாணவர்களே எழுதினார்கள்.

செய்தானா, தெரிந்து செய்தானா, பெரிசா

வழக்கு எப்படி நடக்கும்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் புகார் தரலாம், ஆசிரியரோ கூடப் படிப்பவனோ. பயிற்சி பெற்ற மாணவர்கள் இரு தரப்பிலும் பேசி, தாள்களை வாங்கிப் பார்த்து, அறிக்கை எழுதுவார்கள். வழக்கு நிற்கும் என்று தோன்றினால் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஆலோசனை சொல்வதும் மாணவர், நடுவர்களாக உட்கார்ந்து முடிவு சொல்வதும் மாணவர்.

அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. அந்தச் செயலைச் செய்தானா? தவறு என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ செய்தானா? அதைப் பொறுத்துக்கொண்டால் நம்மிடையே உள்ள நம்பிக்கை உடையும் அளவுக்கு அது பெரிதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் குற்றம்.

இந்த மூன்றாவது கேள்வியை நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். நம் மால்பிராக்டீஸ் விசாரணையில் முதல் கேள்வி மட்டும்தான் உண்டு: கையில் பிட் இருந்ததா, இல்லையா? கால்குலேட்டர் மூடியில் பென்சிலால் ஒரு ஃபார்முலா எழுதி வைத்து, அதைத் துடைக்க மறந்து உள்ளே வந்த பையனும், சாக்ஸுக்குள் ஐந்து யூனிட்டையும் மைக்ரோ ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்தவனும் நம்மிடம் ஒரே ஃபாரத்தில்தான் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஃபாரத்தை நீட்டுகிற ஆள் நானாக இருந்திருக்கிறேன். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு அதில் இடம் கிடையாது.

உண்மையைக் கண்டுபிடிக்க மனிதன் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான். நம் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை முக்க வேண்டும். கையைத் துணியால் கட்டிவிட்டு மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள், வெந்திருந்தால் குற்றவாளி. திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) அது ஒழிந்தது. வர்ஜீனியாவில் அந்த உறுதிமொழி பிறந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். தெய்வம் சொல்லட்டும் என்று விட்டிருந்ததை மனிதர்களே கேட்டு விசாரித்துத் தீர்த்துக்கொள்வோம் என்று இரண்டு ஊரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே நகர்ந்திருக்கின்றன.

சரி, தண்டனை? வர்ஜீனியாவில் நெடுங்காலம் ஒரே தண்டனைதான்: பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற்றம். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது என்றால், கூடப் படிப்பவனின் வாழ்க்கையே போய்விடும் என்று பயந்து நடுவர்கள் 'குற்றமில்லை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆசிரியர்கள் புகார் கொடுக்கவே தயங்கினார்கள். தண்டனை ஏறினால் பயம் ஏறும் என்று நாம் நினைக்கிறோம், புகார்தான் இறங்கியது. 2013இல், புகார் வந்த பிறகு ஒப்புக்கொண்டால் இரண்டு செமஸ்டர் விலகி இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். 2022 மார்ச்சில் மாணவர்கள் வாக்களித்து வெளியேற்றத்தையே எடுத்துவிட்டார்கள். ஆதரவு ஏறக்குறைய 80 விழுக்காடு. அடுத்த ஆண்டு, குற்றத்துக்கு ஏற்பத் தண்டனை என்ற முறை வந்தது.

அங்கே பழைய காலத்திலிருந்து இன்னொரு கதவும் உண்டு. புகார் வரும் முன், சந்தேகம்கூட எழும் முன், மாணவனே போய் 'நான் செய்துவிட்டேன்' என்று சொன்னால் அவனை ஆனர் கோட்டின் கீழ் தண்டிப்பதில்லை.

காட்டிக் கொடுக்கிறவன்

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்டின் ஆனர் கோடும் ஒரே வரிதான். பொய் சொல்ல மாட்டான், ஏமாற்ற மாட்டான், திருட மாட்டான், அப்படிச் செய்கிறவர்களைப் பொறுத்துக்கொள்ளவும் மாட்டான். அந்தக் கடைசிச் சொற்கள்தான் சுமை. நான் காப்பி அடிக்கவில்லை என்பது பாதிதான். பக்கத்து பெஞ்சுக்காரன் அடித்ததைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் என்பது மீதி. எல்லாக் கல்லூரியும் இவ்வளவு கறாராகச் சொல்வதில்லை. முதலில் அவனிடமே நேரில் பேசு என்று சொல்கிற இடங்களும் உண்டு. ஆனால் 'அது அவன் பாடு' என்று விட்டுவிட அனுமதிக்கிற ஆனர் கோடு ரொம்ப நாள் நிற்காது.

நான் படித்த காலத்துக் கதை ஒன்று. மூன்றாவது செமஸ்டர், அலைடு மேத்ஸ். எனக்கு முன்னால் இருந்தவன் என் நண்பன். பறக்கும் படை வருகிறது என்று வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த மைக்ரோ ஜெராக்ஸைக் கசக்கிப் பின்னால் எறிந்தான். அது என் பெஞ்சுக்கடியில் வந்து நின்றது. வந்தவர் குனிந்து எடுத்தார். என்னை எழுப்பி சீஃப் சூப்பரின்டென்டென்ட் அறைக்குக் கூட்டிப் போனார்கள். ஹாலில் இருந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்காவது அது யாருடையது என்று தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. 'அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது' என்று விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் விடைத்தாளில் அந்தத் துண்டிலிருந்து ஒரு வரியும் இல்லை என்று பார்த்து, அரை மணி நேரம் வீணான பிறகு திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நண்பன் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தான். "மக்கா, நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றான். பெருமையாக இருந்தது. அதுதான் விசேஷம்: எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நம் பரீட்சை ஹாலில் ஆனர் கோடு இல்லை என்று சொல்ல முடியாது. எழுதாத ஒன்று இருக்கிறது, எல்லோரும் மதிக்கிறார்கள், மீறினவனை ஒதுக்கி வைக்கிறார்கள். அதன் ஒரே விதி: காட்டிக் கொடுக்காதே. 1840இல் வர்ஜீனியாவில் முகமூடிக்காரனைக் காப்பாற்றியதும் இதே விதிதான். சூப்பர்வைசர் போலீஸ், மாணவர்கள் ஒரு கட்சி. நடுவில் நாற்பது பெஞ்ச். இந்த விளையாட்டில் போலீஸுக்குத் தகவல் சொல்கிறவனை எவன் மதிப்பான்? ஆகவே, மாணவர் ஆனர் கோடு என்பதை 'பிள்ளைகளை நம்புவது' என்று இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. போலீஸை ஹாலுக்கு வெளியே அனுப்பிவிட்டு அந்த வேலையை மாணவர் தலையில் வைக்கிற பேரம் அது. சுதந்திரம் கிடைக்கும், விலை உண்டு.

அந்த விலையை ஒருவன் ஏன் கொடுக்க வேண்டும்? நம் தெருவில் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய். பத்திரம் இல்லை, பதிவு இல்லை. மூன்றாம் மாதம் சீட்டு எடுத்தவள் நான்காம் மாதம் பணம் கட்டாவிட்டால் போலீஸ் வராது; மற்ற பத்தொன்பது பேரும் வாசலுக்கு வருவார்கள். அங்கே ஒருத்தியின் ஏமாற்றை இன்னொருத்தி மூடி மறைப்பதில்லை, ஏனென்றால் போவது அவள் பணம். பரீட்சையில் நண்பன் காப்பி அடித்தால் என் பணம் போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு 60 வந்தால் எனக்கு என்ன? மதிப்பெண்ணை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு கிரேடு போடுகிற இடங்களில் இது உடனே உறைக்கும். அவன் ஏறினால் நான் இறங்குவேன். நம் முறையில் நஷ்டம் மெதுவாக வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் 'இந்தக் கல்லூரி மார்க்கை நம்பாதே' என்று ஒதுக்கிவிட்டுப் போகும்போதுதான் தெரியும், சீட்டுப் பணம் போய்விட்டது என்று.

பலிக்கிறதா?

கொஞ்சம் பலிக்கிறது. 1964இல் வில்லியம் பவர்ஸ் என்பவர் 99 கல்லூரிகளில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார். அவர்களில் நான்கில் மூன்று பேர் ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் மெக்கேப் பின்னாளில் அதே வழியில் பெரிய ஆய்வுகள் செய்தார். 1993இல் லிண்டா ட்ரெவினோவுடன் சேர்ந்து வெளியிட்டது 31 கல்லூரிகள், 6,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பற்றியது. ஆனர் கோடு உள்ள இடங்களில் ஏமாற்று குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. எல்லாவற்றையும்விடப் பலமாகத் தெரிந்த காரணம் தண்டனை பயமோ, பிடிபடும் வாய்ப்போ இல்லை. 'கூடப் படிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்' என்று மாணவன் நினைக்கிறான் என்பதே அது. என் அக்கா மகள் அன்று நிமிர்ந்து பார்க்காததற்கும் காரணம் அதுவேதான். மற்றவன் தலை நிமிர்ந்திருந்தால் அவள் தலையும் நிமிர்ந்திருக்கும்.

கையெழுத்து மட்டும் மந்திரம் செய்யாது. ஃபாரத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் மேலேயே வாங்கினால் ஆட்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதை எழுதியவர்களே 2020இல் மறுபடி சோதித்தபோது அந்த முடிவு வரவில்லை. 2021இல் அதிலிருந்த தரவு ஒன்று போலி என்று தெரிந்து கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வு!

சறுக்கல்களும் உண்டு. 2001இல் வர்ஜீனியாவில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர், மாணவர் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு நிரலை எழுதினார். ஆறு சொற்கள் தொடர்ந்து ஒத்துப்போனால் அது காட்டிக் கொடுக்கும். 150க்கும் மேற்பட்டவர்கள் மேல் புகார் போயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த நிரலை எழுதத் தூண்டியது, மற்றவர்கள் காப்பி அடித்து அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வருந்திய ஒரு மாணவரின் புலம்பல் என்பார்கள். சீட்டுக் கணக்கு உறைத்தவர் ஒருவராவது இருந்திருக்கிறார். வெஸ்ட் பாயின்டில் 2020 மே மாதம் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து எழுதிய கால்குலஸ் தேர்வில் 73 பேர் மேல் குற்றச்சாட்டு வந்தது. ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு, நூறாண்டாக விலக்கி வைத்திருந்த மேற்பார்வையாளரை மறுபடி ஹாலுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று சோதனைக்கு இறங்கியது.

வெளிநாட்டு மாணவர்கள் மேல் புகார் அதிகம் போகிறது என்ற விமர்சனமும் இருக்கிறது. இது நம் பிள்ளைகளுக்கு முக்கியம். இங்கே நாலு பேர் சேர்ந்து அசைன்மென்ட் எழுதினால் அது நட்பு. அங்கே ஆசிரியர் தனியாகச் செய் என்று சொல்லியிருந்தால் அது குற்றம். சேர்ந்து படிக்கலாமா, சேர்ந்து எழுதலாமா, சாட்ஜிபிடியைத் தொடலாமா என்று பாடம் தொடங்கும் முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெட்கப்பட வேண்டியதில்லை, அங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்வி நேர்மைக்கென்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியை ஓராண்டுக்குத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பதினான்கு சொற்கள் வரை தொடர்ந்து தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் சேராது.

இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, இது முதுகலை ஆய்வேடு, பிஎச்.டி., வெளியீடு இவற்றுக்கானது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டார்கள். ஒரு பி.எஸ்சி. மாணவன் மூன்று வருடம் தொடுகிற எதுவும் இதற்குள் வராது. இரண்டு, துறை அளவிலும் கல்லூரி அளவிலும் விசாரிக்கக் குழு அமைக்கச் சொல்கிறது; அதில் துறைத் தலைவர், மூத்த பேராசிரியர், மென்பொருள் தெரிந்தவர் என்றெல்லாம் உண்டு, மாணவருக்கு ஒரு நாற்காலி இல்லை. விழுக்காடு என்பதே எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. 9 விழுக்காடு திருடினால் நேர்மை, 11 என்றால் இல்லையா? சொற்களை மாற்றிப் போட்டு விழுக்காட்டைக் குறைத்துத் தருகிற கடைகள் அதற்குள் முளைத்துவிட்டன.

செமஸ்டர் பரீட்சையில் ஆனர் கோடு என்று நான் கனவு காணவில்லை. நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். கேள்வித்தாள் வருவது வேறு ஊரிலிருந்து, விடைத்தாள் திருத்துவது முகம் தெரியாத ஆள். அங்கே நம்பிக்கைக்கு இடமில்லை, பறக்கும் படை வரட்டும். ஆனால் இன்டர்னல் நம் கையில். ஒரு துறை, ஒரு வகுப்பு, ஐம்பது பேர், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்; சீட்டு நடத்துகிற அளவுதான். ஒரு இன்டர்னல் டெஸ்டுக்கு நான் வெளியே நிற்கிறேன், விதியை நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எழுதச் சொல்லிவிட்டு நான் திருத்தக் கூடாது. மீறினவனை என்ன செய்வது என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் எனக்குப் பிடிக்காததைத் தீர்மானித்தாலும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம், எனக்கும்தான்.

இதையெல்லாம் போன வாரம் அக்கா மகளிடம் சொல்லிவிட்டு, அப்படி ஒரு வகுப்பு எழுதினால் முதல் விதி என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: "மாமா, முதல்ல அந்த ரெக்கார்டு நோட்ட ஒழிங்க."

விளங்காதவர்களுக்கு: லேபில் செய்த சோதனைகளை எழுதிக் காட்டுகிற நோட்டு அது. கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும். வராவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. ஆகவே பிள்ளைகள் 9.8ஐ முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் கண்டுபிடிப்பார்கள். சீனியர் ரெக்கார்டு இருந்தால் அந்த வேலையும் மிச்சம். நான் அந்த ரீடிங்கைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வேன். எந்த ஊசலும் அவ்வளவு ஒழுங்காக ஆடாது. தெரிந்துகொண்டே சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன், பக்கத்துக்கு ஒன்று.

"9.4 வந்தா 9.4ன்னு எழுத விடுவீங்களா?" என்று கேட்டாள்.

வருகிற திங்கட்கிழமை எங்களுக்குத் துறைக் கூட்டம் இருக்கிறது. அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.